2 வயது மகளுக்கு உயரம் போதவில்லையாம், என்ன செய்வது?

பொகவந்தலாவை அம்மா:
மகளுக்கு 2 வயது முடிந்துவிட்டது. கிளினிக்கில் நிறுத்தபோது 9 கிலோ, உயரம் 78 சென்டிமீட்டர். பிறந்தபோது 2.3 கிலோதான். வயதுக்கு உயரம் காணாது என்று மிட்வைஃப் மிஸ் சொல்லி திரிபோஷ சத்துமா தந்தார். நான் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போய்விடுவதால் பகலில் தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் இருப்பாள். காலையில் ரொட்டியும் தேத்தண்ணியும், மதியமும் இரவும் சோறு பருப்பு, அதுவும் நாலு வாய்க்கு மேல் வாங்கமாட்டாள். மாமியார் "நம்ம பரம்பரையே குள்ளம்தானே, விடு" என்கிறார். விடலாமா? கடையில் விற்கிற உயரம் கூட்டும் மாவு வாங்கட்டுமா?

மஸ்கெலியா அக்கா:
விடாதீங்க தங்கச்சி. கிளினிக் கொப்பியில் இருக்கிற வளர்ச்சிக் கோடு உலக சுகாதார ஸ்தாபனம் 2006இல் வெளியிட்டது. இந்தியா, கானா, ஓமான், பிரேசில், நோர்வே, அமெரிக்கா என்று 6 நாட்டுப் பிள்ளைகளை அளந்து பார்த்ததில், தாய்ப்பாலும் நல்ல சாப்பாடும் கிடைத்த பிள்ளைகள் 5 வயது வரைக்கும் எங்கே பிறந்தாலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் வளர்ந்திருக்கிறார்கள். 2016 கணக்கெடுப்பில் இலங்கை முழுக்க 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 வீதம் பேருக்கு உயரம் குறைவு, தோட்டப்பகுதியில் மட்டும் 32 வீதம். இதைப் பரம்பரை என்று சொல்லிக்கொண்டிருந்தால் கர்ப்பத்திலேயே சாப்பாடு போதாத நம்ம பொம்பளைகளைப் பற்றி யாரும் பேசவே மாட்டார்கள். உங்க பிள்ளைக்கு எடை உயரத்துக்குப் பொருந்தித்தான் இருக்கிறது, அதனால் பார்க்க மெலிவாகத் தெரியாது, வீட்டில் கவலையும் வராது.

டிக்கோயா தாய்:
முதலில் தேத்தண்ணியை நிறுத்துங்க. வயிறு நிறைந்துவிடும், சத்து ஒன்றும் இல்லை, சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்தையும் உடம்பில் சேரவிடாது. சின்ன வயிறு என்பதால் நாலு வாய்தான் வாங்கும், அந்த நாலு வாயும் கனமாக இருக்கணும்: சோறு பருப்போடு ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய், நெத்தலிக் கருவாட்டைக் கழுவி உப்பை எடுத்து, வறுத்து இடித்த தூள் கொஞ்சம், கூட பூசணியோ கரட்டோ கீரையோ மசித்துப் போடுங்க. மூன்று வேளைக்கு நடுவில் இரண்டு தடவை ஏதாவது கொடுக்கணும். திரிபோஷவைத் தேங்காய்ப்பூ, கொஞ்சம் சீனி சேர்த்து உருண்டை பிடித்து பிள்ளைக் காம்பரா ஆயம்மாவிடம் கொடுத்து விடுங்க, எப்போது ஊட்டணும் என்றும் சொல்லி வையுங்க. அப்புறம், அந்தத் திரிபோஷ பக்கெட்டை லயத்து வீடுகளில் எல்லாருக்கும் கரைத்துப் பங்கு வைக்காதீங்க. பெரிய பிள்ளைகள் கேட்கும்போது மனசு கேட்காதுதான், ஆனால் பங்கு போட்டால் சின்னதுக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை.

ஹட்டன் அண்ணன்:
உயரம் கூட்டும் மாவுக்குக் கொடுக்கிற காசுக்கு முட்டை வாங்குங்க தங்கச்சி. இன்னொன்று, அடிக்கடி வயிற்றோட்டம் வருகிற பிள்ளைக்கு எதைக் கொடுத்தாலும் உடம்பில் ஒட்டாது. பீலியில் பிடிக்கிற ஊற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுங்க, மலசலகூடம் போய் வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவணும், ஊட்டுகிறவர்களும் கழுவணும். பூச்சி மருந்து கொடுத்தாகிவிட்டதா என்று மிஸ்ஸிடம் கேளுங்க. அடிக்கடி காய்ச்சல் வருவது, முகம் வெளிறியிருப்பது, நடை பேச்சு பிந்துவது, இதில் எது இருந்தாலும் டாக்டரிடம் காட்டணும், இரத்தம், சிறுநீர், தைராய்டு பார்க்கச் சொல்வார்கள். இனி ஒவ்வொரு தடவையும் எடையோடு உயரத்தையும் அளந்து கொப்பியில் குறிக்கச் சொல்லுங்க.

பொகவந்தலாவை அம்மா:
எல்லாருக்கும் நன்றி. வயிற்றோட்டம் அடிக்கடி வரும், அதை நான் இதோடு சேர்த்து யோசிக்கவே இல்லை. தினம் முட்டை கொடுத்தால் சூடு என்கிறார்களே, சரியா?

மஸ்கெலியா அக்கா:
தினம் ஒன்று தாராளமாகக் கொடுக்கலாம், மஞ்சள் கருவும் சேர்த்து, நன்றாக அவித்து. தடிப்பு, அரிப்பு, வாந்தி வந்தால் மட்டும் நிறுத்திவிட்டு கிளினிக்கில் சொல்லுங்க. மாமியாரையும் ஒரு தடவை கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்க, நாம் சொன்னால் கேட்காததை மிஸ் சொன்னால் கேட்பார்.