பி365 எக்ஸ்எல்லுக்கு மலிவு ரெட் டாட் போதுமா?

குமரன்_டல்லாஸ்: இடுப்புல மறைச்சு வைக்கிறது சிக் கம்பெனியோட பி365 எக்ஸ்எல் கைத்துப்பாக்கி, ஆரம்பகால மாடல். வயசு 45 தாண்டிடுச்சு. முன் சைட்டை, அதாவது குறி பார்க்கிற முனையைப் பார்த்தா இலக்கு மங்குது, இலக்கைப் பார்த்தா சைட் மங்குது. ஒரு ரெட் டாட் (லென்ஸ்ல சிவப்புப் புள்ளி காட்டுற குறிபார்க்கும் கருவி) போடலாம்னு பார்க்கிறேன். 200 டாலர் சுற்றி எது தேறும்?

மணி_பீனிக்ஸ்: எதுவும் தேறாது. உயிரை நம்பி வைக்கிற சாமான்ல கையை இறுக்கலாமா? அந்த மாடல்ல பின் சைட்டு, டாட் மாட்டக் கழட்டுற மூடித் தட்டுலயே இருக்கு. தட்டு போச்சுன்னா சைட்டும் போச்சு. அப்புறம் டாட் அணைஞ்சா என்ன பண்ணுவீங்க? காசு சேர்த்து ட்ரிஜிகான் கம்பெனி டாட்டா வாங்குங்க.

செல்வி_ஆஸ்டின்: ட்ரிஜிகானோட சின்ன டாட், ஆர்எம்ஆர்சிசி-யா? அது இந்த ஸ்லைடுல (துப்பாக்கியோட நகர்ற மேல்பாகத்துல) நேரா உட்காராது, தனியா அடாப்டர் தட்டு வேணும். சிக்கோட ரோமியோஸீரோ டாட்டுல பின் சைட் வெட்டு கூடவே வருது. ஆனா லென்ஸ் பிளாஸ்டிக், துடைச்சுத் துடைச்சே கீறல் விழும். பேட்டரி மாத்த டாட்டையே கழட்டணும், திரும்ப ஜீரோ பார்க்கணும், அதாவது புள்ளியும் தோட்டா படுற இடமும் ஒண்ணா இருக்கான்னு சரிபார்க்கணும். என் ஓட்டு ஹோலோசன் கம்பெனியோட 407கே டாட்டுக்கு. நிஜக் கண்ணாடி, பேட்டரித் தட்டு பக்கவாட்டுல.

மணி_பீனிக்ஸ்: ஸ்லைடோட பின்பக்க முளை ரெண்டும் 407கே-யை இடிக்குமே, அதைச் சொல்லலியே? அரம் எடுத்து ராவணும். 500 டாலர் துப்பாக்கியை 200 டாலர் டாட்டுக்காக ராவுறதா?

செல்வி_ஆஸ்டின்: ராவ மனசில்லைன்னா அடாப்டர் தட்டு போடுங்க, டாட் கொஞ்சம் உயரும், அவ்வளவுதான். 407கே-யோட புள்ளி 6 எம்ஓஏ (கோண அளவு). 25 கெஜத்துல ஒன்றரை அங்குலத்தைத்தான் மறைக்கும். மிச்சமாகிற பணத்துக்குத் தோட்டா வாங்கிச் சுடுங்க. உருவின உடனே புள்ளியைக் காணோம்னு மணிக்கட்டை ஆட்டித் தேடுறவங்கதான் ரேஞ்சுல பாதிப்பேர். அதுக்கு எந்த விலையும் மருந்தில்ல.

புதுவரவு_ராஜ்: நான் எச்1பி வேலை விசாவுல இருக்கேன். டெக்சஸ்ல துப்பாக்கியை எடுத்துட்டுப் போக பெர்மிட்டே வேண்டாமாமே, நானும் ஒண்ணு வாங்கலாமா?

செல்வி_ஆஸ்டின்: தம்பி, 2021 செப்டம்பர்ல வந்த அந்த மாநிலச் சட்டம் உங்களுக்கு உதவாது. உங்க விசாவுக்குத் துப்பாக்கி வச்சிருக்கிறதே ஃபெடரல் குற்றம். வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்கு உண்டு. வக்கீலைக் கேட்காம கடைப் பக்கம் போகாதீங்க.

மணி_பீனிக்ஸ்: அது சரி. ஆனா திறந்த டாட்டுல பஞ்சும் வியர்வையும் எமிட்டர்ல (புள்ளிக்கு ஒளி விடுற சின்ன விளக்குல) அடைச்சா புள்ளி போச்சு. இடுப்புல வைக்கிறவருக்கு மூடின வகைதான் லாயக்கு. ஹோலோசனோட மூடின டாட், ஈபிஎஸ் கேரின்னா நானும் ஒத்துக்கிறேன், மலிவுன்னு மட்டும் சொல்லாதீங்க.

செல்வி_ஆஸ்டின்: வாரம் ஒருதடவை காதுக்குச்சியால துடைக்கிறது அவ்வளவு கஷ்டமா? குமரன் அண்ணா, வாங்கறதுக்கு முன்னாடி கடையில புள்ளியை ஃபோன் கேமரா வழியாப் பாருங்க. கேமராவுல உருண்டையாவும் கண்ணுக்கு மட்டும் மத்தாப்பு மாதிரியும் தெரிஞ்சா கோளாறு உங்க கண்ணுல, ஆஸ்டிக்மாட்டிசமா (கருவிழி வளைவு சீரா இல்லாத பார்வைக் குறையா) இருக்கலாம். எத்தனை டாலர் போட்டாலும் அப்படித்தான் தெரியும்.

மணி_பீனிக்ஸ்: மூக்குக்கண்ணாடி, டாட், அடாப்டர் தட்டு எல்லாத்தையும் கூட்டிப் பாருங்க அண்ணா. நான் சொன்ன ட்ரிஜிகான் விலைக்கே வந்து நிப்பீங்க.