நிறமும் எழுத்துருவும் காலை வாரிய ஒரு சம்பவம்: உங்களுக்கு நடந்தது என்ன?

நீலக்கோடு:
டெமோ நடுவில் நடந்தது இன்னும் உறுத்துகிறது. க்யூட் (Qt) என்ற, திரைகளை உருவாக்கும் கருவித்தொகுப்பில் எழுதிய மென்பொருள். வாடிக்கையாளர் தன்னுடைய லினக்ஸ் லேப்டாப்பிலேயே போட்டுக் காட்டச் சொன்னார். அதில் டார்க் தீம். பெயர்க் கட்டத்தில் தட்டுகிறார், ஒன்றும் தெரியவில்லை. கீபோர்டில் கோளாறு என்று நினைத்து அழுத்தி அழுத்தித் தட்டினார். அப்புறம் தற்செயலாக மவுஸால் இழுத்ததும், நீலப் பட்டைக்குள் அவர் பெயர் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி நின்றது. அவர் முகம் போன போக்கு!

கட்டத்தின் பின்னணியை மட்டும் ஸ்டைல்ஷீட்டில், அதாவது தோற்றத்துக்கான விதிகளில், வெள்ளை என்று எழுதியிருந்தார்கள். எழுத்தின் நிறம் தீமிலிருந்து வந்தது, அதுவும் வெள்ளை. குறித்தால் இரண்டையும் சேர்த்துக் குறிக்க வேண்டும்.

வரிவடிவம்:
எங்களிடம் போனது புள்ளி. மேக்கில் கச்சிதமாக இருந்த தமிழ் மெனுவை விண்டோஸில் திறந்தால், ‘படங்கள்’ ‘படஙகள’ ஆகிக் கிடந்தது. மெய்யெழுத்துகளின் தலையையே சீவிவிட்டிருந்தது. சோதித்துப் பார்த்த பெண், “இவ்வளவு எழுத்துப்பிழையோடு யார் மொழிபெயர்த்தது?” என்று கேட்டார். மொழிபெயர்த்தவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பாவம், அவர் ஒரு பிழையும் செய்யவில்லை. வரியின் உயரத்தை ஆங்கில எழுத்துக்கு அளந்து பிக்சலில் பூட்டியிருந்தார்கள். ஒவ்வொரு சிஸ்டமும் தன்னிடம் உள்ள தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொள்ளும். எல்லாம் ஒரே உயரத்தில் இருக்காது.

எட்டுபிட்:
நீலக்கோடு, இரண்டையும் குறித்துவிட்டால் தீர்ந்ததா? பார்வை மங்கலானவர் விண்டோஸில் ஹை கான்ட்ராஸ்ட் (எழுத்தையும் பின்னணியையும் பளிச்சென்று வேறுபடுத்தும் அமைப்பு) வைத்திருப்பார். நீங்கள் நிறத்தை இரண்டு பக்கமும் பூட்டினால் அவருக்கு அது பயன்படாது. தீமிடமே நிறம் கேட்டு வாங்குங்கள்.

என் கதை சின்னது. சர்வர் நிலையைக் காட்டும் திரையில் ஓடினால் பச்சை வட்டம், நின்றால் சிவப்பு வட்டம். அந்த இரண்டு நிறத்தையும் பிரித்தறிய முடியாத நண்பர் இரவுப் பணியில் அதைப் பார்த்து, “எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு” என்றார். ஒரு சர்வர் நின்றுபோயிருந்தது.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். கூடவே ஒரு வடிவமோ சொல்லோ வையுங்கள். திரையை கிரேஸ்கேலில், அதாவது நிறமில்லாமல் சாம்பல் சாயல்களில், ஒருமுறை பாருங்கள். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 கான்ட்ராஸ்ட் (வெளிச்ச வேறுபாட்டு விகிதம்) வேண்டும் என்கிறது, எல்லோரும் பயன்படுத்தும்படி இணையப் பக்கங்களை அமைப்பதற்கான டபிள்யூசிஏஜி (WCAG) வழிகாட்டுதலின் ஏஏ (AA) நிலை. கண்ணால் மதிப்பிடாமல் கருவியால் அளந்து பாருங்கள். எழுத்துருவுக்கு ஒரே பெயரை எழுதிவிட்டுப் போகாதீர்கள். விண்டோஸ் 8 முதல் நிர்மலா யூஐ, அதற்கு முன் லதா. மேக்கில் தமிழ் சங்கம் எம்என், ஆண்ட்ராய்டில் நோட்டோ. எங்கும் ஒரே தோற்றம்தான் வேண்டுமென்றால் நோட்டோ சான்ஸ் தமிழை மென்பொருளோடு சேர்த்தே அனுப்பலாம், உரிமம் அனுமதிக்கிறது.

வரிவடிவம்:
சேர்த்து அனுப்பினாலும் உயரத்தைப் பூட்டினால் புள்ளி போகத்தான் செய்யும். முதலில் அதை அவிழ்க்க வேண்டும்.

நீலக்கோடு:
எட்டுபிட், தீமிடம் கேட்பது சரி. ஆனால் பிராண்டு நிறம் கட்டாயம் என்று சொல்லும் பொத்தானுக்கு என்ன செய்வீர்கள்? அங்கே ஜோடியாகக் குறிப்பதைத் தவிர வழியில்லை. ஹை கான்ட்ராஸ்ட் இயங்கும்போது மட்டும் அந்த ஜோடியைக் கைவிடும்படி எழுதிவிடுவேன்.