குமுளி – கம்பம் சொந்தங்கள்

உத்தமபாளையம் சித்தப்பா (காலை 6.52, ஒரு படத்தோடு): முல்லைப் பெரியாறு அணையில் ஷட்டரைத் திறந்துவிட்டார்கள்!! 142 அடி தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றமே சொன்ன பிறகும் நம் தண்ணீரைத் தாரை வார்த்த துரோகிகள்!! எல்லாக் குழுவுக்கும் அனுப்புங்கள்.

கம்பம் பெரியப்பா (6.58): காலங்காத்தாலே ஆரம்பித்துவிட்டாயா தம்பி. உன் ஆட்களுக்கு வேறு பிழைப்பே கிடையாது.

குமுளி மாமா (7.05): கைரளியில் அப்படி ஒரு செய்தியும் இல்லையே.

சித்தப்பா: அது உங்கள் மார்க்சிஸ்ட் கட்சி டிவி மச்சான், அதில் எப்படி வரும்? நியூஸ் ஜெ பாருங்கள்.

பெரியப்பா: ஆமாம், நியூஸ் ஜெ ஊர்ப் பொதுச் சொத்து பார்.

நான்: சித்தப்பா, படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நிற்கிறவர்கள் எல்லோரும் முகக்கவசம் போட்டிருக்கிறார்கள். இது 2021 அக்டோபர் 29, கேரள அமைச்சர்கள் அணைக்கே வந்து நின்றார்களே, அன்றைக்கு எடுத்தது.

சித்தப்பா: பழசானால் என்ன? துரோகம் துரோகம்தான்.

நான்: சரி, அப்போ 2018 ஆகஸ்ட் 15 விடியற்காலை திறந்தார்களே, அப்போது கோட்டையில் இருந்தது எடப்பாடி. அன்றைக்கு நீங்கள் போட்டதை இந்தக் குழுவிலேயே தேடி எடுத்துவிட்டேன்: "வெள்ளம் வந்தால் திறக்காமல் என்ன செய்வது, அறிவு வேண்டாமா." அதற்குக் கீழே பெரியப்பா "கையாலாகாத ஆட்சி" என்று போட்டிருக்கிறார். 2021இல் ஆட்சி மாறியதும் ரெண்டு பேரும் வசனத்தை அப்படியே மாற்றிக்கொண்டீர்கள். எந்தத் தேதியில் எத்தனை அடி வைக்கலாம் என்று ஓர் அட்டவணை உண்டு, ரூல் கர்வ் என்பார்கள், அந்த நவம்பர் 10 வரைக்கும் 139.5 அடிதான். அது முடிந்து நவம்பர் 30 அன்று 142 அடியும் நிறைந்தது, அதைப் பற்றி இங்கே ஒருவரும் ஒரு வரி போடவில்லை.

பெரியப்பா: என்னை ஏன்டா இழுக்கிறாய்.

குமுளி மாமா: தமிழ்நாட்டு அரசியல் அப்படித்தான் மாப்ளே. இங்கே நாங்கள் விஷயத்தைப் பார்த்துத்தான் பேசுவோம்.

நான்: பெரிய அணையை ஒட்டிய சின்ன அணை, அந்தப் பேபி அணைக்குக் கீழே 15 மரம், மாமா.

குமுளி மாமா: அது வேறு. அமைச்சருக்கே தெரியாமல் அதிகாரி கொடுத்த உத்தரவு.

நான்: வெட்ட அனுமதி கொடுத்ததற்கு ஸ்டாலின் நன்றிக் கடிதம் எழுதிய சனிக்கிழமை "இதுதான் பண்பாடு" என்று பூங்கொத்து போட்டிருக்கிறீர்கள். புதன்கிழமை உங்கள் கேரள மந்திரிசபை அதை ரத்து செய்தது, அதற்கும் "இதுதான் துணிச்சல்" என்று அதே பூங்கொத்து.

சின்னமனூர் மதினி: 😂😂 அண்ணே, எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். கம்பத்தில் உங்கள் தோழர்கள் நீர்மட்டத்தை உயர்த்து என்கிறார்கள், குமுளியில் அதே கொடி புது அணை கட்டு என்கிறது. இங்கே விசேஷத்துக்கு வரும்போது நீங்கள் எந்தப் பக்கம்?

குமுளி மாமா: மலையடிவாரத்து லோயர் கேம்ப் இறங்கிவிட்டால் நான் அரசியல் பேசுவதில்லைம்மா, சாப்பாடு மட்டும்தான்.

சித்தப்பா: இதெல்லாம் தேடி எடுக்க உனக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

நான்: யாரும் கொடுக்கவில்லை சித்தப்பா.

வண்டிப்பெரியாறு அத்தை (மதியம் 1.10): இப்போதுதான் எஸ்டேட்டில் இருந்து வந்தேன், ஒன்றும் புரியவில்லை. திறந்துவிட்டார்களா இல்லையா? அந்த 2021 டிசம்பரில் ராத்திரி தண்ணீர் ஏறி அடுப்படிக்கு வந்துவிட்டது, அரிசி மூட்டையைக் கட்டில் மேல் தூக்கி வைத்துவிட்டு முழங்கால் தண்ணீரில் நின்று போனை எடுத்தால் குழுவில் 84 மெசேஜ். எத்தனை ஷட்டர், எத்தனை கன அடி என்று ஒன்றிலாவது இருக்கும் என்று கீழே வரைக்கும் தள்ளிக்கொண்டே போனேன்.

நான்: திறக்கவில்லை அத்தை. பழைய படம்.

அத்தை: இப்போது எத்தனை அடி நிற்கிறது?

சித்தப்பா: இரு அக்கா, நம்ம சேனலில் ஓடுகிறது, பார்த்துச் சொல்கிறேன்.

பெரியப்பா: அதில் வருவதை நம்பி மூட்டையை இறக்கிவிடாதே.