உரசொளி, பல்திசையொளி: தொல்பொருள் படமெடுப்புக்கு இரண்டு சொற்கள்

வணக்கம். தொல்பொருள்களைப் படமெடுக்கும் இரண்டு முறைகளுக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> ரேக்கிங் லைட் என்பதற்குச் ‘சாய்வொளி’ போதுமே. புதுச்சொல் எதற்கு?

போதாது என்றே எனக்குப் படுகிறது. விளக்கை 45 பாகையில் வைத்தாலும் அது சாய்வொளிதான். நாம் பேசுவது, விளக்கைப் பானை ஓட்டின் மட்டத்துக்கே இறக்கி, ஒளி மேற்பரப்பை ஒட்டி ஓடும்படி வைப்பதை. அப்போதுதான் கீறலின் ஒரு விளிம்பு வெளுத்து, பள்ளம் நிழலாகத் தெரியும். பானையைச் சுட்ட பிறகு கீறிய எழுத்துக்குப் பெரும்பாலும் ஆழம் இருக்காது. ‘ஆதன்’, ‘குவிரன்’ என்று கீழடியில் கிடைத்தவை போன்ற ஓடுகளை நேர் ஃபிளாஷில் எடுத்தால் கீறல் மங்கிவிடும். விலையுயர்ந்த மேக்ரோ லென்ஸ் மாட்டினாலும் அதே கதைதான். நல்ல கேமரா வாங்கும் குழுக்கள் விளக்கையும் ட்ரைபாடையும் மறந்துவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அதனால் ‘உரசொளி’. சுடுநீர், ஊறுகாய் போல வினைத்தொகை. ‘வருடொளி’ இன்னும் மென்மையாக இருக்கிறது, ஆனால் ஸ்கேனருக்கு ‘வருடி’ நிலைத்துவிட்டதே, குழப்பம் வரும். ‘உரசு’ என்றால் பொருளைத் தொடுவதாகாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். உரசுவது ஒளிதானே, கை இல்லையே! கல்வெட்டில் மை ஒற்றி எடுப்பதை ‘மைப்படி’ என்கிறோம். கேட்டவுடன் வேலை கண்ணில் தெரிகிறது. இங்கும் அந்தத் தெளிவு வேண்டும்.

> ஆர்டிஐ (Reflectance Transformation Imaging) = எதிரொளிப்பு உருமாற்றப் படமெடுப்பு

இதை அகழாய்வுக் குழியோரம் நிற்கும் மாணவரிடம் சொன்னால் என்ன புரியும்? கேமராவும் பொருளும் அசையாமல் இருக்க, விளக்கை மட்டும் இடம் மாற்றி மாற்றிப் பல படங்கள் எடுக்கிறோம். பக்கத்தில் ஒரு பளபளப்பான கறுப்புக் கோலி. அதில் விழும் ஒளிப்புள்ளியை வைத்து மென்பொருள் ஒவ்வொரு படத்திலும் ஒளி வந்த திசையைக் கணக்கிடுகிறது. அப்புறம் திரையில் நாம் விரும்பிய பக்கத்திலிருந்து ஒளியைப் பாய்ச்சிப் பார்க்கலாம். டாம் மால்ஸ்பெண்டர் ஹெச்பி ஆய்வகத்தில் உருவாக்கி 2001இல் வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்தது இது. 2005இல் ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் ஆண்டிகித்தெரா பொறியின் (பண்டைக் கிரேக்கரின் பல்சக்கர வானியல் கருவி) துண்டுகளை அந்த முறையில்தான் படமெடுத்தார்கள். அரித்துப்போன வெண்கலத்தின் மேற்பரப்பில் இருந்த எழுத்துகளைப் படிக்க அது பெரிதும் உதவியது.

ஆக, ஆர்டிஐக்குப் ‘பல்திசையொளிப் படிமம்’ என்பது என் பரிந்துரை. எதிரொளிப்பு என்ற இயற்பியல் சொல் விடுபடுகிறது என்று சிலர் சொல்லலாம். சரி, வரையறையில் சேர்த்துக்கொள்வோம். பெயரிலேயே எல்லாம் அடங்க வேண்டியதில்லை.

இன்னொன்று. இந்தப் படமெடுப்பில் பயன்படும், விளக்குகள் பொருத்திய அரைக்கோளக் கருவிக்கு ‘ஒளிக்குடை’ வேண்டாம். ஸ்டூடியோக்காரர்கள் குடை என்று சொல்வது வேறு பொருளை. ‘ஒளிக்கவிகை’ எப்படி?