கிகுச்சி நோயை எது தூண்டுகிறது?

கயல்:
தங்கைக்கு 24 வயது. கழுத்தில் இடது பக்கம் நெல்லிக்காய் அளவுக்கு நெறி கட்டி, தொட்டாலே வலி, சாயங்காலமானால் காய்ச்சல். டிபி என்று சொல்லி மாத்திரையும் ஆரம்பித்துவிட்டார்கள். அப்புறம் அந்தக் கட்டியை எடுத்து பயாப்ஸி செய்ததில் கிகுச்சி ஃபுஜிமோட்டோ (நிணநீர்க் கணு வீங்கும் கிகுச்சி நோய்) என்று வந்திருக்கிறது. இதெல்லாம் வருவதற்கு முன்னால் அவளுக்குத் தொண்டை வலி இருந்தது, ஒரு தடுப்பூசியும் போட்டிருந்தாள், வீட்டில் பூனை வேறு இருக்கிறது. இதில் எதனால் வந்தது? பூனையைக் கொண்டுபோய் விடச் சொல்லிப் பெரியம்மா ஒரே பிடிவாதம்.

மருதன் (நோயியல் படிப்பவன்):
பூனையை விட வேண்டாம். பூனை மூலம் பரவும் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி மேல் ஒரு காலத்தில் சந்தேகம் இருந்தது, ஆனால் நிரூபணமாகவில்லை. 1972இல் ஜப்பானில் இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாக இந்த நோயை விவரித்தார்கள், இன்றுவரை இதுதான் காரணம் என்று ஒன்றைக்கூட உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எப்ஸ்டீன்-பார், பார்வோ பி19 என்று பல வைரஸ்களைத் தேடிப் பார்த்தார்கள், சிலரிடம் இருக்கிறது, பலரிடம் இல்லை. ஸ்லைடில் பார்த்தால் செத்த செல்களின் உட்கரு பொடிப்பொடியாகக் கிடக்கும், ஆனால் சீழில் இருக்கும் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளை அணுக்கள் மட்டும் இருக்காது. சுற்றிலும் சிடி8 டி செல்கள் என்ற எதிர்ப்புச் சக்தி செல்கள்தான். அதனால் ஏதோ ஒரு தொற்று வந்துபோன பிறகு, மரபிலேயே அந்தத் தன்மை உள்ளவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி அளவுக்கு மீறிக் கிளம்புகிறது என்பதே பொதுவான கருத்து. தொண்டை வலி அப்படிப்பட்ட தொற்றாக இருந்திருக்கலாம். தடுப்பூசிக்குப் பிறகு வந்ததாகவும் சில தனிநபர் அறிக்கைகள் உண்டு, அதை வைத்து ஊசிதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

செல்வி:
எனக்கும் இது வந்தது. காய்ச்சலுக்கு மாத்திரை, ஓய்வு, அவ்வளவுதான், தானாகவே வடிந்துவிட்டது. பெரும்பாலும் 1 முதல் 4 மாதத்துக்குள் சரியாகிவிடும், சிலருக்கு மட்டும் திரும்ப வரும். காரணத்தைத் தேடி அலைவதைவிட ஏஎன்ஏ (உடலின் சொந்த செல்களுக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடும்) ரத்தப் பரிசோதனை எடுத்தாயிற்றா என்று பாருங்கள், ஏனென்றால் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் நோய் சிலருக்கு இதோடு சேர்ந்தோ, பிறகோ வருகிறது. மூட்டு வலி, கன்னத்தில் தடிப்பு, வாய்ப்புண் எது வந்தாலும் உடனே காட்டுங்கள்.

கயல்:
ரொம்ப நன்றி. அப்போ டிபி மாத்திரையை நிறுத்திவிடலாமா?

மருதன்:
நீங்களாக நிறுத்தாதீர்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டோடு அந்த ஸ்லைடுகளையும் வாங்கிக்கொண்டு போய், மாத்திரை கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள். டிபி பரிசோதனைகளின் முடிவையும் பார்த்துவிட்டு அவரே சொல்லட்டும்.