மிஷன் காலத்துப் பாடசாலையை ‘இந்து’ப் பாடசாலையாகப் பெயர் மாற்ற வேண்டுமா?

எழுவான்கரையான் கேட்டது:

கிழக்கிலங்கையில் களுவாஞ்சிகுடிக்கும் கல்முனைக்கும் இடையிலுள்ள எங்கள் ஊர்ப் பாடசாலை, மிஷனரிமார் தொடங்கி, பின்னர் 1960களில் அரசாங்கம் கையேற்ற பாடசாலைகளுள் ஒன்று. இன்று அங்கு படிக்கும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் சைவர்கள். கிறிஸ்தவக் குடும்பங்கள் சிலவே உள்ளன. முன்னொரு காலத்தில் அயலிலுள்ள முஸ்லிம் ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் வந்து படித்தார்கள். 1990இன் தமிழ்-முஸ்லிம் வன்செயல்களுக்குப் பிறகு அந்த வழக்கம் நின்றுபோயிற்று.

சென்ற மாதம் நடந்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பழைய மாணவர்கள் சிலர், பாடசாலையின் பெயரில் ‘இந்து’ என்ற சொல் இடம்பெற வேண்டும் என்றும், தரம் 1 அனுமதியில் சைவப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்றும் கோரினார்கள். முஸ்லிம்களுக்கு முஸ்லிம் பாடசாலைகள் இருக்கின்றன, கத்தோலிக்கப் பெயர் தாங்கிய பாடசாலைகள் இருக்கின்றன, நாங்கள் மட்டும் ஏன் மற்றவரின் பெயரைச் சுமக்க வேண்டும் என்பது அவர்களுடைய வாதம். சிறு கிறிஸ்தவச் சபைகள் வீடு வீடாக வந்து மதம் மாற்றும் காலத்தில் பிள்ளைக்குத் தன் அடையாளம் பாடசாலையிலேயே ஊட்டப்பட வேண்டும் என்றும் சொன்னார்கள். எதிர்த்துப் பேசியவர்களோ பழைய பெயரின் பெருமையைச் சொன்னார்களே தவிர, பாடசாலை எதற்காக இருக்கிறது என்ற கேள்விக்குள் போகவில்லை.

நான் சைவன்; ஞாயிற்றுக்கிழமைகளில் அறநெறிப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். ஆயினும் இந்தக் கோரிக்கைக்குக் கை உயர்த்த எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையை நல்ல சைவனாக ஆக்குவது அரசாங்கப் பாடசாலையின் வேலையா? இல்லையென்றால், சாதாரண தரப் பரீட்சைவரை சமயத்தை எல்லோருக்கும் கட்டாய பாடமாக வைத்திருப்பது எதற்காக? சட்டம் தெரிந்தவர்களும் கற்பித்தலில் இருப்பவர்களும் சொன்னால் அடுத்த கூட்டத்துக்கு உதவியாக இருக்கும்.

வந்தாறுமூலை வாசகர் (ஓய்வுபெற்ற கல்வி அலுவலர்):

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் கையேற்றது 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க, 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டங்களின் மூலமாகும். ஐந்து முதல் பதினான்கு வயது வரையான பிள்ளைகளுக்குத் தனியார் புதிதாகப் பாடசாலை திறப்பதையும் 1961ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துவிட்டது. சர்வதேசப் பாடசாலைகள் என்று இன்று நாம் காண்பவை கம்பனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்துகொண்டு அந்தத் தடையைச் சுற்றிப் போனவை. எனவே உங்கள் பாடசாலை எந்தப் பெயரில் இருந்தாலும் அது அரசாங்கப் பாடசாலையே. அதனைச் சமயப் பாடசாலையாக்கும் அதிகாரம் அபிவிருத்திச் சங்கத்துக்குக் கிடையாது.

தரம் 1 அனுமதிக்கான சுற்றறிக்கையில் பாடசாலைக்கு அருகில் வசிப்போருக்கு 50, பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25, ஏற்கெனவே கற்கும் பிள்ளைகளின் சகோதரருக்கு 15 என்று நூற்று வீதங்கள் வகுக்கப்பட்டிருக்கின்றன; எஞ்சிய பத்து வீதம் கல்வித் துறை ஊழியர், இடமாற்றம் பெற்ற அலுவலர், வெளிநாட்டிலிருந்து திரும்பியோர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு உரியது. அதே சுற்றறிக்கையில் உங்கள் கூட்டத்தில் ஒருவரும் கவனித்திராத ஓர் ஏற்பாடும் உண்டு. மேற்படி சட்டங்களின் கீழ்க் கையேற்கப்பட்ட பாடசாலைகளில், கையேற்ற நாளில் ஒவ்வொரு சமயத்துப் பிள்ளைகளும் எந்த விகிதாசாரத்தில் இருந்தார்களோ அதனைக் கவனத்தில் கொள்ள வேண்டும் என்பதே அது. சமய முன்னுரிமை என்ற பேச்சைக் கிளப்புவோர், அதற்கு முன்னர் அறுபதுகளின் வரவுப் பதிவேட்டை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது. அந்நாளில் கிறிஸ்தவப் பிள்ளைகளின் விகிதம் இன்றையதைவிடக் கூடுதலாக இருந்திருந்தால், முன்னுரிமை யாருக்குப் போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இனி வரலாற்றைப் பற்றி ஒரு வார்த்தை. 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் மட்டக்களப்புக்கு வந்து மெதடிஸ்த மத்திய கல்லூரிக்கு வித்திட்டுச் சில மாதங்களிலேயே, 1815இல், இங்கேயே இறந்துபோனார். அதன் பின்னர் நூறாண்டுக்கு மேலாக ஆங்கிலக் கல்வியும் அதன் வழியான அரசாங்க உத்தியோகமும் பெரும்பாலும் மிஷன் வாசல் வழியாகவே கிடைத்தன. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரும் கல்முனையில் மெதடிஸ்த பாடசாலையிலும், பின்னர் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தவரே. அவர் 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியபோது, தாம் படித்த பாடசாலைகளின் பெயரை மாற்றக் கேட்கவில்லை. புதிதாக ஒன்றைக் கட்டினார். மிஷன் வாசலைத் தவிர வேறு வாசல் அரிதாக இருந்த காலத்தில் அது ஒரு நியாயமான தேவை. ஆசிரியருக்குச் சம்பளம், பிள்ளைக்குப் புத்தகம், சீருடைத் துணி எல்லாவற்றையும் அரசாங்கமே கொடுக்கும் இன்றைய நிலையில் அதே வாதத்தை அப்படியே எடுத்து ஆள முடியாது.

மருதமுனை ஆசிரியை:

அனைவருக்கும் ஸலாமும் வணக்கமும். ‘முஸ்லிம்களுக்கு முஸ்லிம் பாடசாலைகள் இருக்கின்றன’ என்பது இத்தகைய கூட்டங்களில் எப்போதும் ஓர் ஆயுதமாக எடுக்கப்படுவதால் எழுதுகிறேன்.

முஸ்லிம் பாடசாலைகள் பள்ளிவாசல்கள் நடத்தும் பாடசாலைகள் அல்ல. அவையும் அரசாங்கப் பாடசாலைகளே. நோன்பு மாதத்தில் விடுமுறை, மாணவியரின் சீருடை, மௌலவி ஆசிரியர் நியமனம் ஆகியவற்றில்தான் பெரும்பாலும் வேறுபாடு இருக்கிறது. என் உம்மாவின் தலைமுறையில் பெரியபிள்ளையானதும் படிப்பு நின்றுவிடும். ஊருக்குள்ளேயே பெண் ஆசிரியைகளோடும், வீட்டார் ஏற்றுக்கொண்ட உடையோடும் ஒரு பாடசாலை இருந்தபடியால்தான் நான் உயர்தரம் வரையும், பிறகு அட்டாளைச்சேனைக் கல்வியியற் கல்லூரி வரையும் போனேன். அந்தப் பாடசாலையைப் பிரிவினை என்று மட்டும் சொல்பவர்கள், அது இல்லாதிருந்தால் என்னைப் போன்ற எத்தனை பெண்கள் அடுப்படியோடு நின்றிருப்பார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. ஒரு தமிழ் மாணவியோடு ஒரே வாங்கில் இருந்து நான் முதன்முதலாகப் படித்தது கல்வியியற் கல்லூரியில்தான். ஒரே மொழியைப் பேசி, ஒரே கடலில் மீன் வாங்கிச் சமைக்கும் இரண்டு ஊர்களின் பிள்ளைகள் இருபது வயதுவரை ஒருவரையொருவர் சந்தையிலும் பஸ்ஸிலும் மட்டுமே காண்கிறார்கள். இதனைப் பாடசாலைப் பெயர்கள் மட்டும் செய்யவில்லை. மட்டக்களப்பு மத்தி கல்வி வலயத்தை வரைபடத்தில் பாருங்கள்: காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி என்று ஒன்றுக்கொன்று தொடர்பற்ற நிலப்பகுதிகளிலுள்ள முஸ்லிம் பாடசாலைகள் ஒரே வலயத்துக்குள் வருகின்றன. நிர்வாகமே பிள்ளைகளை இனவாரியாக எண்ணும் இடத்தில், ஒரு பெயர்ப்பலகையை மாற்றுவதோ மாற்றாமல் விடுவதோ சிறிய விடயம்.

திருகோணமலை ஷண்முகா இந்து மகளிர் கல்லூரியில் 2018இலும் பின்னர் 2022இலும் முஸ்லிம் ஆசிரியை அபாயா அணிந்து வருவது பற்றி எழுந்த பிரச்சினை எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒரு பாடசாலையின் பெயரில் சமயம் இருந்தால், அங்கு கற்பிக்க வருபவரின் உடையிலும் அந்தச் சமயத்தின் மரபு இருக்க வேண்டுமா என்பதே அங்கு எழுந்த கேள்வி. உங்கள் சங்கத்தார் பெயரை மாற்றுவதற்கு முன்னர் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்? இதே கேள்வியை எங்கள் பாடசாலைகளிடமும் கேட்கலாம், கேட்க வேண்டும். எங்களிடம் கணிதம் படிப்பிக்கும் தமிழ் ஆசிரியை பொட்டோடும் சேலையோடும்தான் வருகிறார், அதை யாரும் பேசுபொருளாக்கியதில்லை.

படுவான்கரைப் பொடியன்:

எல்லோரும் தங்கள் தங்கள் சமூகத்தைப் பார்த்துக்கொள்ளும்போது பரந்த மனம் எங்களிடம் மட்டும் எதிர்பார்க்கப்படுவது ஏன் என்றுதான் எனக்கு விளங்கவில்லை. போரில் அப்பாவை இழந்த பிள்ளைக்கு உலருணவுப் பொதியோடு வேதாகமத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர்களை நாங்கள் எங்கள் கிராமங்களில் கண்ணால் கண்டிருக்கிறோம். பெயர் மாற்றம் சிறிய விடயம் என்றால், மாற்றிவிட்டுப் போகலாமே.

வந்தாறுமூலை வாசகர்:

தம்பி, உங்கள் கோபத்துக்கு இடமிருக்கிறது. ஆனால் நீங்கள் சொல்லும் அந்தப் பிள்ளையை இழுத்தது வறுமை. அப்பிள்ளை படிக்கும் பாடசாலையின் பெயரில் ‘இந்து’ என்று இருந்திருந்தாலும் பொதி வீட்டு வாசலுக்கு வந்திருக்கும்.

லண்டனிலிருந்து ஒரு பழைய மாணவன்:

சமயப் பாடசாலைகளைப் பற்றி இங்கிலாந்தில் ஓயாது விவாதிக்கிறார்கள். அரசாங்கப் பணத்தில் நடக்கும் பாடசாலைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஏதோவொரு சமயத்தைச் சார்ந்தவை; பெரும்பான்மை இங்கிலாந்துத் திருச்சபைக்கும் கத்தோலிக்கருக்கும் உரியவை, சிறு எண்ணிக்கையில் யூத, முஸ்லிம், சீக்கிய, இந்துப் பாடசாலைகளும் உள்ளன. நல்ல பெறுபேறு உள்ள பாடசாலையில் இடம் பிடிப்பதற்காகவே பெற்றோர் திடீரென்று ஞாயிறு தோறும் தேவாலயம் போகத் தொடங்குவது இங்கு பழைய பகிடி. 2010க்குப் பின்னர் அரசாங்கப் பணத்தில் திறக்கப்பட்ட, ‘ஃப்ரீ ஸ்கூல்’ எனப்படும் சுயாதீனப் பாடசாலைகளில், விண்ணப்பங்கள் மிகுந்தால் பாதி இடங்களுக்கு மேல் சமயத்தைப் பார்த்துக் கொடுக்கக்கூடாது என்று விதித்தார்கள். அந்த வரம்பைப் பற்றியும் இன்னும் வாதம் ஓயவில்லை.

எங்களுக்குப் பொருத்தமான உதாரணம் வட அயர்லாந்து என்று நினைக்கிறேன். அங்கு கத்தோலிக்கப் பிள்ளைகளும் புரொட்டஸ்தாந்துப் பிள்ளைகளும் பெரும்பாலும் தனித்தனிப் பாடசாலைகளில் படித்தார்கள். 1981இல், கலவரம் ஓயாதிருந்த காலத்தில், பெல்பாஸ்டில் சில பெற்றோர் தாங்களாகவே சேர்ந்து லேகன் கல்லூரி என்ற ஒருங்கிணைந்த பாடசாலையைத் தொடங்கினார்கள். அத்தகைய பாடசாலைகளை ஊக்குவிக்கும் கடமையை 1989இல் சட்டம் கல்வித் திணைக்களத்தின் மேல் வைத்தது. அப்படியிருந்தும் இன்றுவரை அவற்றில் படிப்பவர்கள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பெற்றோருக்கு அயலவர் மேல் வெறுப்பு என்று இதற்குப் பொருளல்ல; பழக்கப்பட்ட பாடசாலையை விடுவதற்குத் தயங்குகிறார்கள். ஆகவே சட்டம் போட்டால் பிள்ளைகள் கலந்துவிடுவார்கள் என்று நான் நம்பவில்லை, பெயர் வைத்தால் சமயம் வளர்ந்துவிடும் என்றும் நம்பவில்லை.

சைவநெறி டீச்சர்:

வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்பதை யாரும் சொல்லாததால் சொல்கிறேன். பிள்ளையின் சொந்தச் சமயத்தையே பிள்ளைக்குப் படிப்பிக்க வேண்டும் என்பது இந்நாட்டின் நடைமுறை. சைவநெறி, இஸ்லாம், கத்தோலிக்கம், கிறிஸ்தவம் என்று தனித்தனிப் பாடநூல்கள் இலவசமாக வருகின்றன. ஆனால் எங்கள் வகுப்பில் கிறிஸ்தவப் பிள்ளைகள் இரண்டு பேர் என்றால் அவர்களுக்கென ஓர் ஆசிரியர் கிடைப்பதில்லை. நான் தேவாரம் படிப்பிக்கும் நேரத்தில் அந்த இருவரும் நூலகத்தில் இருக்கிறார்கள். பரீட்சைக்குரியதைச் சபையில் படித்துவிட்டு வந்து எழுதுகிறார்கள். கிறிஸ்தவப் பெயர் தாங்கிய பாடசாலைகளில் சைவப் பிள்ளைகளுக்கு இந்த நிலை பெரும்பாலும் இல்லை, ஏனென்றால் அங்கும் அவர்களே கூடுதலானவர்கள். ஆகவே பெயர் யாருடையது என்று பார்ப்பதைவிட, குறைந்த எண்ணிக்கையில் இருக்கும் பிள்ளை சமயப் பாட நேரத்தில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஒரு பாடசாலை எதற்காக இருக்கிறது என்பது அந்த நாற்பது நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மற்றொன்று, சொன்னால் சிலருக்குக் கசக்கும். சமய பாடத்தை இன்று அநேக பெற்றோர் பார்ப்பது, பெறுபேற்றில் இலகுவாக ஓர் ‘ஏ’ சேர்க்கும் வழியாகவே. ஞாயிற்றுக்கிழமை அறநெறி வகுப்புக்குப் பிள்ளை வராததற்குக் காரணம் எந்தச் சபையும் அல்ல. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் ரியூசன். பெயரை மாற்றக் கேட்ட பழைய மாணவர்களின் பிள்ளைகள் அறநெறிக்கு வருகிறார்களா என்று எழுவான்கரையான் ஐயா தன் வரவுப் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லட்டும்.

எழுவான்கரையான்:

டீச்சர், பதிவேட்டைப் பார்க்கவே தேவையில்லை. ஒருவருடைய பிள்ளை மட்டும் இடையிடையே வருகிறது. கையேற்ற காலத்து விகிதாசாரத்தைப் பற்றிய தகவலை அடுத்த கூட்டத்தில் முன்வைக்கிறேன், அதன் பிறகு அனுமதியில் முன்னுரிமை என்ற கோரிக்கை தானாகவே அடங்கிவிடும் என்று நினைக்கிறேன். சமயப் பாட நேரத்தில் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு ஊர்ப் போதகரையோ ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரையோ தொண்டராக அழைக்க அதிபரிடம் அனுமதி கேட்கவும் எண்ணியிருக்கிறேன்.

மருதமுனை ஆசிரியையிடம் ஒரு கேள்வி. உங்கள் ஊர்ப் பிள்ளைகள் எங்கள் பாடசாலைக்குத் திரும்பவும் வருவதற்கு எது தடையாக இருக்கும்? பெயரா?

மருதமுனை ஆசிரியை:

பெயர் அல்ல. மிஷன் பெயர் இருந்த காலத்திலேயே எங்கள் வாப்பா அப்படியொரு பாடசாலையில்தான் படித்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகும் நேரம், இஸ்லாம் படிப்பிக்க ஓர் ஆசிரியர், நோன்பு மாதத்தில் தவணைப் பரீட்சை வைக்காமை, மாணவியர் தலையை மறைக்கும் உடைக்கு எழுத்தில் அனுமதி ஆகிய இவை உறுதியானால் பெற்றோர் யோசிப்பார்கள். தரம் 1இல் தொடங்காதீர்கள். ஆறு வயதுப் பிள்ளையை எவரும் ஊர் தாண்டி அனுப்ப மாட்டார்கள். உயர்தர விஞ்ஞானப் பிரிவில் தொடங்குங்கள். பௌதிகவியலுக்கு நல்ல ஆசிரியர் எங்கே இருக்கிறாரோ அங்கே எங்கள் பிள்ளைகள் இப்போதும் ரியூசனுக்கு வருகிறார்கள், உங்கள் பிள்ளைகளும் எங்கள் பக்கம் வருகிறார்கள்.