குஞ்சு எடுக்க எந்தச் சேவலை வைத்துக்கொள்வது?

வீட்டளவில் குஞ்சு எடுக்க ஒரு சேவலும் எட்டுப் பெட்டைகளும் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன், அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

பெட்டைகள் ஓரளவு முடிந்தது. கண் தெளிவு, கொண்டை நல்ல சிவப்பு, மூக்கில் சளி இல்லை, கையில் தூக்கிப் பார்த்தால் நெஞ்செலும்பு நேராக இருக்கிறது. முட்டையிடுபவற்றில் இடுப்பெலும்புகளுக்கு நடுவே இரண்டு மூன்று விரல் நுழைகிறதா என்றும் பார்த்துவிட்டேன். அலகு கோணலாக இருந்த ஒன்றைக் கழித்தாயிற்று, எவ்வளவு அழகாக இருந்தாலும் அது குஞ்சுக்கும் இறங்கலாம்.

சிக்கல் சேவலில்தான். ஒன்று அசத்தல், கழுத்து இறகு வெயிலில் செம்பு மாதிரி மின்னுகிறது, ஆனால் வலது காலில் நடுவிரல் லேசாக வளைந்திருக்கிறது, ஆளைக் கண்டால் பாய்கிறது. இன்னொன்று நிறம் சுமார், கால் நேர், இரை கிடைத்தால் பெட்டைகளைக் கூப்பிட்டுத் தின்னவிடும். எனக்கு இதுதான் சரி என்று படுகிறது, வீட்டில் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. விரல் வளைவு பரம்பரையா, குஞ்சாக இருந்தபோது தரை வழுக்கி வந்ததா, எப்படிக் கண்டுபிடிப்பது?

அப்புறம், இந்த இரண்டாவது சேவல் மூன்று பெட்டைகளுக்கு உடன்பிறப்பு. ஒரு தலைமுறைக்குச் சேர்க்கலாமா, வெளியிலிருந்து வேறு சேவல் வாங்கிவிடலாமா? வாங்கினால் எத்தனை நாள் தனியாக அடைத்து வைத்துப் பார்க்கிறீர்கள்?